அத்தை மகள் சம்பந்தம்: தலசீமியா ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கொங்குவாசி:

உறவுக்குள் ஒரு சம்பந்தம் பேசி, நிச்சயம் வரை வந்திருக்கிறது. பெண், பையனுக்குச் சொந்த அத்தை மகள். பெற்றோர் வழி இறங்கும் ரத்தச்சோகை நோயான தலசீமியாவுக்காகப் பார்த்த இரண்டு பேர் ரிப்போர்ட்டும் கீழே போட்டிருக்கிறேன்.

பையன், 27 வயது. ஹீமோகுளோபின் 11.9, சிவப்பணு 61 லட்சம், எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 63, எம்சிஹெச் (ஒரு அணுவில் இருக்கும் ஹீமோகுளோபின்) 19.5, ஆர்டிடபிள்யூ (அணுக்களின் அளவு வேறுபாடு) 15. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனையில் ஏ2 வகை 5.4 சதவீதம், எஃப் வகை 0.9. ஆறு மாதமாக இரும்பு மாத்திரை போகிறது, ஹீமோகுளோபின் அசையவில்லை.

பெண், 23 வயது. ஹீமோகுளோபின் 9.8, சிவப்பணு 43 லட்சம், எம்சிவி 72, எம்சிஹெச் 22.8, ஆர்டிடபிள்யூ 18.5. ஏ2 3.4. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) 6.

"பையன் தலசீமியா மைனர், பெண் நார்மல்" என்று லேபில் சொல்லிவிட்டார்கள். இதோடு விட்டுவிடலாமா? சொந்தம் என்பதால் தனியாக ஏதாவது பார்க்கணுமா?

ஊதாமூடி:

விட்டுவிட வேண்டாம். பையன் ரிப்போர்ட்டில் சந்தேகமே இல்லை. பெண் ரிப்போர்ட்டை வைத்துத்தான் யாரும் இப்போதைக்கு முடிவு சொல்லக் கூடாது.

பையனுக்கு ஹீமோகுளோபின் லேசாகத்தான் குறைவு. ஆனால் அணுக்கள் மிகச் சிறியவை, எண்ணிக்கையோ அதிகம். எம்சிவியை மில்லியனில் சொல்லும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 63 / 6.1 = 10.3. இது 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா கேரியர் (பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவர், லேப் சொன்ன "மைனர்") பக்கம் சாயும், மேலே இருந்தால் இரும்புக் குறைபாட்டின் பக்கம். இது ஒரு கைக்கணக்குதான், இதை மட்டும் நம்பி முடிவு கட்டுவதில்லை. ஏ2 5.4 என்பதுதான் சாட்சி. 4க்கு மேல் போய், எம்சிவியும் எம்சிஹெச்சும் இப்படி விழுந்திருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று எழுதிவிடலாம்.

அவருக்கு இது நோய் இல்லை. ஹீமோகுளோபின் 12ஐ ஒட்டியே நிற்பது அவருடைய இயல்பு. ஃபெரிட்டின் பார்க்காமல் ஆறு மாதம் இரும்பு கொடுத்ததில் அர்த்தமில்லை. ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் கேரியருக்கும் இரும்பு தரலாம், தரவேண்டும். சரியாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடுவதே நல்லது.

பெண்ணுக்கு அதே வகுத்தல் 72 / 4.3 = 16.7. ஆர்டிடபிள்யூ 18.5, ஃபெரிட்டின் 6. அப்பட்டமான இரும்புக் குறைபாடு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரும்பு குறைந்தால் ஏ2 உற்பத்தியும் குறையும். உண்மையில் 3.8, 4.0 இருக்க வேண்டியது 3.4 என்று காட்டலாம். இந்தப் பெண் கேரியராக இருந்து, இரும்புக் குறைபாடு அதை மூடி மறைக்கவும் வாய்ப்பு உண்டு. "நார்மல்" என்று எழுதியவர் ஏ2-வை மட்டும் பார்த்திருக்கிறார், பக்கத்தில் இருக்கும் ஃபெரிட்டினைப் பார்க்கவில்லை.

சாத்தூர் சேவு:

எங்க பக்கம் தாய்மாமனையும் அத்தை மகளையும் கட்டாத வீடே கிடையாது. நாலு தலைமுறையா நடக்குது. எத்தனை வீட்டில் இந்த நோய் வந்திருக்கு? லேப்காரங்களுக்கு வருமானம், நமக்குப் பயம்.

மரபியல் மாணிக்கம்:

சேவு அண்ணா, உங்க கேள்வி நியாயமானது. அதற்கான பதில் கணக்கில்தான் இருக்கிறது.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு. ஒன்று பழுதானால் கேரியர், வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம். இரண்டும் பழுதானால்தான் தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய். சொந்தத்தில் கட்டுவது புதிதாக எந்தப் பழுதையும் உண்டாக்குவதில்லை. தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே பழுது இரண்டு கிளை வழியாக இறங்கி, ஒரே குழந்தையிடம் மறுபடி சந்திக்க வழி செய்கிறது. அவ்வளவுதான் சொந்தத்தின் பங்கு. தாத்தா பாட்டியிடம் பழுது இல்லையென்றால், பத்து தலைமுறை கட்டினாலும் இந்த நோய் வராது.

இரண்டு கேரியர்கள் கட்டினால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேஜர் குழந்தைக்கு 4-இல் 1 வாய்ப்பு. "நாலு பிள்ளையில் ஒரு பிள்ளைக்கு" என்று இதைப் புரிந்துகொள்வது தப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேர் தப்பித்தார்கள் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. அதேபோல, கேரியர் தம்பதி பெற்ற இரண்டு பிள்ளைகளுக்குமே நோய் இல்லாமல் போகும் வாய்ப்பு 3/4 × 3/4 = 9/16, அதாவது 56 சதவீதம். மூன்று பிள்ளை என்றாலும் 27/64, சுமார் 42 சதவீதம். கிட்டத்தட்டப் பாதிச் சின்னக் குடும்பங்களில் இரண்டு கேரியர் கட்டியும் ஒன்றும் நடக்காது. "எங்க வீட்டில் யாருக்கும் இல்லையே" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. பழுதோ, சத்தமில்லாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

இன்னொன்று, மேஜர் குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். கருவில் ஓடுவது ஹீமோகுளோபின் எஃப், அதற்குப் பீட்டா சங்கிலி தேவையில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு எஃப் வடிந்து, ஏ வர வேண்டிய இடத்தில் வராதபோதுதான் வெளுப்பு, பால் குடிக்காமை, மண்ணீரல் வீங்கி வயிறு உப்பல் எல்லாம் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும். ரத்தம் ஏற்ற வசதியில்லாத காலத்தில் அந்தக் குழந்தைகள் "சோகையில் போனது" என்ற கணக்கில் போயின. குடும்பத்தில் நோய் இருந்ததாக யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

சாத்தூர் சேவு:

சரி, கணக்குப் புரியுது. அப்போ பையன் கேரியர்னு தெரிஞ்சாச்சு. அத்தை மகளுக்கு எத்தனை வாய்ப்பு? அசல்ல கட்டினா எத்தனை?

மரபியல் மாணிக்கம்:

பழுது பையனுக்கு அப்பா வழியில் வந்ததா, அம்மா வழியில் வந்ததா என்று தெரியாதவரை: அப்பா வழி என்பதற்கு 1/2, அப்படியானால் அப்பாவின் தங்கைக்கும் அது இருக்க 1/2, அவர் மகளுக்கு இறங்க 1/2. பெருக்கினால் 1/8. குழந்தைக்கு மேஜர் வர 1/8 × 1/4 = 1/32.

அசலில் கட்டினால், பெண் கேரியராக இருக்கும் வாய்ப்பு அவர் சமூகத்தில் கேரியர் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 100-இல் 3 என்று வைத்துக்கொண்டால் குழந்தைக்குச் சுமார் 1/133. பையன் தாய்மாமனாக இருந்து அக்கா மகளைக் கட்டினால் பெண்ணுக்கு 1/4, குழந்தைக்கு 1/16.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களை யாரும் இந்தக் கணக்கில் தனியாகப் பார்ப்பதில்லை. பையனின் அப்பா தன் தங்கையை மச்சானுக்குக் கொடுத்து, மச்சானின் தங்கையைத் தான் கட்டியிருந்தால், அந்தப் பெண் பையனுக்கு அத்தை மகளும்தான், மாமன் மகளும்தான். பழுது எந்த வழியில் வந்திருந்தாலும் அவருக்கு இறங்கும் பாதை உண்டு. 1/8 என்பது 1/4 ஆகிவிடும்.

கோத்திரம், குலம், பங்காளி முறை பார்த்துத்தானே கட்டுகிறோம் என்று கேட்பார்கள். அது அப்பன் வழி ஆண் கொடியை மட்டும்தான் விலக்குகிறது. சித்தப்பா மகள் தங்கை முறை, கட்டக் கூடாது. மாமன் மகள் முறைப்பெண், கட்டலாம். மரபணுவைப் பொறுத்தவரை இருவரும் ஒரே தூரம்தான்.

ஆனால் இந்தப் பின்னமெல்லாம் பரிசோதனை செய்யாதவரைக்கும்தான். பெண்ணின் ரத்தம் தெளிவாக "இல்லை" என்று சொல்லிவிட்டால், தலசீமியாவைப் பொறுத்தவரை அத்தை மகள் என்றாலும் அசல் என்றாலும் ஒன்றுதான்.

கொங்குவாசி:

ஊதாமூடி அண்ணா, அந்தத் தெளிவான பதிலுக்கு என்ன செய்யணும்? வரிசையாகச் சொன்னால் நல்லது. அவர்களுக்கு இரண்டு மாதத்தில் நிச்சயம்.

ஊதாமூடி:

முதலில் பையனின் அப்பா, அம்மா இருவருக்கும் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அளவும் பார்க்கும் பரிசோதனை), ஹெச்பிஎல்சி. அம்மா கேரியராக இருந்து அப்பா சுத்தமாக இருந்தால், அத்தை வழிக்கும் இந்தப் பழுதுக்கும் சம்பந்தமே இல்லை. பெண்ணின் வாய்ப்பு வெளியாள் அளவுக்கு இறங்கிவிடும். அப்பாதான் கேரியர் என்றால் 1/8 என்பது 1/4 ஆக ஏறிவிடும்.

கூடவே பெண்ணின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதே பரிசோதனை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஆண்களுக்கும் பொதுவாக இரும்பு அவ்வளவு குறைந்திருக்காது, அதனால் அவர்கள் ஏ2-வை நம்பிப் படிக்கலாம். ஃபெரிட்டினும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேருமே கேரியர் இல்லையென்றால் மகளும் இல்லை.

பெண்ணுக்கு இரும்பு: தினம் 60 முதல் 120 மில்லிகிராம் தனிம இரும்பு, மருத்துவர் சொல்லும் அளவில். மாத்திரை அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் மாத்திரையில் உண்மையான இரும்பு சுமார் 60தான். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. காபி, டீ முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூடாது. கால்சியம் மாத்திரை இருந்தால் வேறு வேளையில். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அதனால் மூன்று மாதம் ஆகாமல் எம்சிவியைத் திரும்பப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ஹீமோகுளோபின் 12 ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. ஃபெரிட்டினும் நிரம்ப வேண்டும். அதன்பிறகு ஹெச்பிஎல்சி.

இன்னும் மூன்று பொறிகள். பி12 அல்லது ஃபோலேட் குறைவாக இருந்தால் எம்சிவி ஏறும், ஏ2-வும் லேசாக ஏறலாம். சுத்த சைவக்காரர்களிடம் இதை மறந்துவிடக் கூடாது. அடுத்தது, ஹெச்பிஎல்சி இயந்திரத்தில் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறிய வகையும் ஏ2-வும் ஒரே இடத்தில்தான் இறங்கும். "ஏ2 27 சதவீதம்" என்று வந்தால் அது ஏ2 இல்லை, ஈ கேரியர். கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் நீங்கள் பார்ப்பது கொடுத்தவரின் ரத்தத்தையும் சேர்த்துத்தான்.

இரண்டு மாதத்துக்குள் பதில் வேண்டுமென்றால் டிஎன்ஏ பரிசோதனைதான். இரும்பு எவ்வளவு குறைந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. முதலில் பையனுக்கு எந்தப் பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தியாவில் ஐவிஎஸ் 1-5 என்ற பழுதுதான் அதிகம். 619 இணை நீக்கம், கோடான் 8/9, கோடான் 41/42, ஐவிஎஸ் 1-1 ஆகியவற்றையும் சேர்த்தால் பெரும்பாலானோர் அடங்கிவிடுவார்கள். பையனிடம் கண்ட அதே பழுதை மட்டும் பெண்ணிடம் தேடிவிட்டு நிறுத்தக் கூடாது. பெண்ணுக்கு அவருடைய அப்பா வழியில் வேறொரு பழுது வந்திருக்கலாம். பீட்டா மரபணு முழுவதையும் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், பெரிய நீக்கங்களையும் சேர்த்து.

வன்னிமகள்:

இலங்கையிலும் இதே நிலைமைதான். இங்கே குருநாகல் பகுதியில் நோயாளர் அதிகம், தேசிய தலசீமியா நிலையமும் அங்கேதான். பீட்டா தலசீமியாவோடு ஹீமோகுளோபின் ஈ-யும் பரவலாக இருக்கிறபடியால், ஊதாமூடி சொன்ன அந்த "ஏ2 27" விஷயத்தை இங்குள்ள ஆக்கள் கவனிக்க வேணும். ஒருவர் பீட்டா கேரியர், மற்றவர் ஈ கேரியர் என்றால் இருவரும் சுகமாயிருப்பினம். பிள்ளைக்கு ஈ-பீட்டா தலசீமியா வரலாம். அது லேசாகவும் இருக்கலாம், மேஜர் மாதிரிக் கடுமையாகவும் இருக்கலாம். பிறக்கமுன் சொல்லிவிட ஏலாது.

சட்டத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் இங்கே கருக்கலைப்புக்கு அனுமதி. கருவில் பரிசோதித்து முடிவெடுக்கிற வழி நடைமுறையில் இல்லை. ஆனபடியால் கலியாணத்துக்கு முன்னமே இரத்தம் பார்க்கிறதுதான் இங்கே முக்கியம். சைப்பிரசில் 1980களில் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழைத் தேவாலயமே கேட்கத் தொடங்கினபிறகு, புதிதாய்ப் பிறக்கிற மேஜர் பிள்ளைகள் கிட்டத்தட்ட இல்லையென்றே ஆச்சுது. அங்கே கேரியர் சோடிகள் பெரும்பாலும் கலியாணத்தைக் கைவிடேல்லை. கட்டிப்போட்டு, கருவில் பரிசோதிச்சினம்.

நீலமலை:

முகாம்களில் ரத்தம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மலையில் காலையில் எடுத்த சாம்பிள் கீழே லேபுக்கு மறுநாள் போனால், அறை வெப்பத்தில் சிவப்பணு ஊதிவிடும். எம்சிவி 77 இருக்க வேண்டியது 82 என்று வந்து, கேரியர் ஒருவர் கை நழுவிப் போவார். எம்சிஹெச் அப்படி மாறாது. அதனால் தாமதமான சாம்பிளில் எம்சிஹெச் 27க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் ஹெச்பிஎல்சிக்கு ஒரு வாரம் தாங்கும். உறைய விடக் கூடாது.

நெஸ்ட்ராஃப்ட் (ரத்தத்தை உப்பு நீரில் கலந்து கேரியர்களை முதல்கட்டமாக வடிகட்டும் பரிசோதனை) செய்பவர்கள்: 0.36 சதவீத பஃபர் சலைன் 2 மில்லி, 20 மைக்ரோ லிட்டர் ரத்தம், அரை மணி நேரம். குழாய்க்குப் பின்னால் பிடித்த கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தால் நெகட்டிவ். கலங்கலாக இருந்தால் ஹெச்பிஎல்சிக்கு அனுப்ப வேண்டும். இரும்புக் குறைபாட்டிலும் கலங்கலாக வரும், ஆகவே கலங்கினவுடனே கேரியர் என்று காதில் போட்டுப் பயமுறுத்தாதீர்கள்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு (சிக்கிள் செல்) இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் 1952-இல் வெளியிட்டார்கள். அதுவும் இதே பீட்டா மரபணுவின் பழுதுதான், ஆறாவது அமினோ அமிலம் மாறியிருக்கும். ஒரு பக்கம் அரிவாள் அணு, மறுபக்கம் பீட்டா தலசீமியா என்றாலும் குழந்தைக்கு நோய் வரும். முகாமில் செய்யும் கரைதிறன் பரிசோதனை அரிவாள் அணு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். கேரியரா நோயாளியா என்று பிரித்துச் சொல்லாது, தலசீமியாவையும் காட்டாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அதைச் செய்வதே வீண்.

சாத்தூர் சேவு:

கிளைக் கேள்வி. சுகரும் குடும்பத்தில் வருது, ஆனா அதுக்கு யாரும் இப்படிப் பின்னம் போட்டுச் சொல்றதில்லையே?

மரபியல் மாணிக்கம்:

போட முடியாது. டைப் 2 சர்க்கரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள், ஒவ்வொன்றும் சிறிதளவே தள்ளும். மிச்சத்தை அரிசியும் இடுப்புச் சுற்றளவும் தூக்கமும் தீர்மானிக்கும். ஒற்றை மரபணுவால் வரும் மோடி (MODY) என்ற சர்க்கரை வகை தனி. மூன்று தலைமுறையாக 25 வயதுக்குள், ஒல்லியான ஆட்களுக்கு வந்துகொண்டிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். அங்கே பின்னம் உண்டு: ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/2.

தாய்மாமனுக்கு ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) இருந்து அக்கா மகனுக்கும் வந்தால் அது எக்ஸ் குரோமோசோம் கணக்கு. சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதைச் சொல்லி மருமகளைத் திட்டுவது அநியாயம், மாமனுக்கு நோய் இல்லாத சில குடும்பங்களில் பழுது அந்தப் பையனிடமே புதிதாகத் தோன்றியிருக்கும்.

கொங்குவாசி:

பையனின் பெற்றோர் ரிப்போர்ட் வந்துவிட்டது. அம்மா: எம்சிவி 86, ஏ2 2.7. அப்பா: எம்சிவி 66, எம்சிஹெச் 20.4, ஏ2 5.1. அப்பா வழிதான். அத்தை இன்னும் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். "என் பெண்ணைக் குறை சொல்றீங்களா" என்கிறார்.

மரபியல் மாணிக்கம்:

அப்படியானால் பெண்ணுக்கு இப்போது 1/4. அத்தையிடம் பேச்சைப் பையன் வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். "உங்க அண்ணன் கிட்ட இருக்கு, உங்க மருமகன் கிட்ட இருக்கு, அதனால பார்க்கிறோம்" என்றால் குறை யார் பக்கம் என்ற பேச்சே எழாது. அதற்கும் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பெண்ணுக்கு நேரடியாக டிஎன்ஏ எடுத்தால் போதும்.

இரண்டு பேரும் கேரியர் என்றே வந்தாலும் கல்யாணம் நின்றுபோக வேண்டும் என்று இல்லை. அதை அவர்கள் இருவரும் முடிவு செய்யட்டும். கட்டுவதென்றால் கர்ப்பத்துக்கு முன்பே இருவரின் பழுதும் எது என்று எழுத்தில் இருக்க வேண்டும். கர்ப்பம் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம், 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர். இதனால் கரு கலையும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. எடுத்த திசுவில் தாயின் செல் கலந்திருக்கிறதா என்று லேப் தனியாகச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் "கேரியர்" என்ற பதில் குழந்தையுடையதா அம்மாவுடையதா என்றே தெரியாது. வழக்கமாக எங்கே சறுக்குகிறது என்றால், 18ஆவது வாரத்தில் வந்து, கணவருக்கு எந்தப் பழுது என்றே தெரியாமல் நிற்பது. அங்கிருந்து தொடங்கினால் முடிவு வருவதற்குள் 20 வாரம் தாண்டிவிடும். இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். 24 வரை, சட்டம் சொல்லும் வகையினருக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள். அதற்கும் மேல் மருத்துவக் குழு. ஹீமோகுளோபின் நோய்களுக்குக் கருவில் பரிசோதிக்க, கருவில் பாலினம் பார்ப்பதைத் தடை செய்யும் 1994 சட்டமே இடம் தருகிறது, ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

"மேஜர் வந்தால் வைத்தியம் பார்த்துக்கலாம்" என்று நினைப்பவர்களுக்கு: இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம். ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகும், உடம்பு தானாக வெளியேற்றுவது நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான். 10 முதல் 20 முறை ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் 1000 தாண்டியதும், டெஃபெராசிராக்ஸ் போன்ற இரும்பு நீக்கும் மருந்து தொடங்க வேண்டும், ஆயுளுக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகும், ஆனால் உடன்பிறந்த ஒருவர் பொருந்த 4-இல் 1 வாய்ப்புதான்.

ஊதாமூடி:

டிஎன்ஏவுக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 3 மில்லி போதும். ஹெபாரின் போட்ட பச்சை மூடி வேண்டாம், அது டிஎன்ஏவைப் பெருக்கும் வேலையைக் கெடுக்கும். எடுத்தவுடன் எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கச் சொல்லுங்கள். படிவத்தில் "தலசீமியா" என்று மட்டும் எழுதாமல், பையனின் ஏ2 5.4, அப்பாவின் 5.1, பெண்ணின் ஃபெரிட்டின் 6, இருவரும் மாமன் மகன், அத்தை மகள் என்று எல்லாவற்றையும் எழுதி, சிபிசி நகல்களையும் பின் குத்தி அனுப்புங்கள். அந்த விவரம் இல்லாவிட்டால் லேப் வழக்கமான ஐந்து பழுதை மட்டும் பார்த்துவிட்டு "காணப்படவில்லை" என்று அனுப்பிவிடும்.

பையனுக்குத் தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் இதே வாரத்தில் சிபிசி, ஹெச்பிஎல்சி எடுத்துவிடுங்கள். அப்பா கேரியர் என்பதால் ஆளுக்கு 1/2. சித்தப்பா, பெரியப்பா வீட்டுக்கும் தகவல் போகட்டும்.